முழுகாம இருக்கறப்ப ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ்னு ரிப்போர்ட் வந்தா என்ன பண்ணணும்

எனக்கு அஞ்சாம் மாசம். எப்பவும் போல ரத்தம் எடுத்தாங்க, சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கப் போனா ஆன்ட்டி ஹெச்சிவி ரியாக்டிவ்னு பக்கத்துல ஒரு ஸ்டார் போட்டு இருக்கு, கவுன்டர்ல இருந்த பொண்ணு வரிசைல நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் "மஞ்சக்காமாலை கிருமி இருக்கும்மா, பெரிய டாக்டரைப் பாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருச்சு. அன்னைக்கு ராத்திரி ஃபுல்லா நானும் வீட்டுக்காரரும் போனை வெச்சிக்கிட்டு லிவர் கேன்சர் வரைக்கும் தேடிப் படிச்சு முடிச்சோம். அதை மட்டும் பண்ணாதீங்க. இப்ப நாலு வருஷம் கழிச்சு, எதை எந்த வரிசைல பண்ணணும்னு யாராவது அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்னு தோணுது, அதான் எழுதறேன்.

ஹெச்சிவின்னா ஹெபடைட்டிஸ் சி வைரஸ், லிவரைத் தாக்கற கிருமி. முதல்ல, அந்த ரிப்போர்ட் உங்க உடம்புல இப்ப வைரஸ் இருக்குன்னு சொல்லல. அது ஆன்ட்டிபாடி டெஸ்ட், ஆன்ட்டிபாடின்னா வைரஸை எதிர்க்க உடம்பே செய்யற பொருள், அதாவது எப்பவோ ஒரு நாள் அந்த வைரஸ் உள்ள வந்துச்சுங்கறதுக்கு அடையாளம், அவ்ளோதான். வைரஸ் வந்தவங்கள்ல நூத்துக்கு சுமார் முப்பது பேருக்கு ஆறு மாசத்துக்குள்ள மருந்தே இல்லாம தானா போயிடும், ஆனா ஆன்ட்டிபாடி மட்டும் ஆயுசுக்கும் நிக்கும். சில நேரம் டெஸ்ட்டே தப்பா பாசிட்டிவ் காட்டறதும் உண்டு. அதனால அடுத்து கேக்க வேண்டியது வைரஸையே நேரடியா தேடற ஹெச்சிவி ஆர்என்ஏ டெஸ்ட், வைரல் லோடுன்னும் சொல்வாங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னு வந்தா இப்போதைக்கு வைரஸ் இல்லைன்னு அர்த்தம், குழந்தைக்குப் போற பயமும் கிட்டத்தட்ட இல்ல. இந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுதான் நான் சொல்வேன், நான் அவசரப்பட்டு சொல்லி பட்டிருக்கேன்.

ஆர்என்ஏ டெஸ்ட்டை பிசிஆர்ங்கற லேப் முறைல பண்றதால தனியார் லேப்ல பில்லைப் பாத்தா கை நடுங்கும். 2018 ஜூலை 28ல மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு, அதுல பி, சி ரெண்டுக்கும் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். உங்க ஊர் பிஹெச்சில கேட்டா தெரியலைன்னு சொன்னாலும் விடாதீங்க, மாவட்ட ஜிஹெச் இல்லன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயி வயிறு, லிவர் பாக்கற கேஸ்ட்ரோ டிபார்ட்மென்ட்ல கேளுங்க.

எனக்கு ஆர்என்ஏவும் பாசிட்டிவ். எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வாரம் மண்டையைக் குடைஞ்சேன், வீட்டுக்காரர் மேலயும் சந்தேகம் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அம்மாதான் ஞாபகப்படுத்துச்சு, 1998ல எனக்கு ஒரு ஆப்பரேஷன் நடந்தப்ப ரத்தம் ஏத்தினாங்கன்னு. அப்பல்லாம் நம்ம நாட்டு பிளட் பேங்க்ல இந்த வைரஸுக்கு டெஸ்ட் கட்டாயம் கிடையாது, இந்த வைரஸையே 1989லதான் கண்டுபிடிச்சாங்க. பழைய ரத்தம், சரியா சுத்தம் பண்ணாத ஊசி, டயாலிசிஸ், பச்சை குத்தறது, இப்படி ரத்தத்துல ரத்தம் கலக்கற வழிலதான் இது பெரும்பாலும் வருது. புருஷன் பொண்டாட்டிக்குள்ள பரவறது ரொம்ப அபூர்வம். அதனால இதை நடத்தை விஷயமா யாராவது பேசினா அந்த இடத்துலயே வாயை அடைச்சிருங்க. ஆனா வீட்டுக்காரரும், முன்னாடியே பிள்ளைங்க இருந்தா அதுங்களும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிக்கறது நல்லது.

இப்ப எல்லாருக்கும் இருக்கற பெரிய கேள்வி, குழந்தைக்கு வருமா. வைரஸ் ரத்தத்துல இருக்கற அம்மாங்க நூறு பேர்ல அஞ்சாறு பேரோட குழந்தைக்குத்தான் போகுது. கூட ஹெச்ஐவியும் இருந்தா அது சுமார் ரெண்டு மடங்கு. நான் இந்தக் கணக்கைத் திருப்பித் திருப்பி எனக்கே சொல்லிக்குவேன், நூத்துல தொண்ணூத்தி நாலு குழந்தைக்கு வராது, தொண்ணூத்தி நாலு. உடனே "அப்ப ஆப்பரேஷன் பண்ணி எடுத்துட்டா வராதுல்ல"ன்னு மாமியார் கேட்டாங்க, நானும் அதைத்தான் டாக்டரம்மாகிட்ட கேட்டேன். இல்லையாம். சில குழந்தைக்கு வயித்துல இருக்கறப்பவே போயிடுது, அதனால சிசேரியன் பண்றதால இந்த வைரஸ் விஷயத்துல ஒரு லாபமும் இல்ல, வேற காரணம் இருந்தாத்தான் சிசேரியன். இந்த ரிப்போர்ட்டைக் காட்டியே யாராவது சிசேரியன்தான்னு சொன்னா, ஏன்னு கேளுங்க.

இன்னொரு குழப்பம் பி-யையும் சி-யையும் ஒண்ணாப் போட்டுக்கறது. நம்மூர்ல ரெண்டுக்கும் மஞ்சக்காமாலைன்னு ஒரே பேரு. அம்மாக்கு பி இருந்தா குழந்தை பொறந்த உடனே தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின்னு ரெடிமேட் ஆன்ட்டிபாடி ஊசியும் போட்டுக் காப்பாத்தலாம். சி-க்கு அப்படி தடுப்பூசியே இன்னும் வரல. பொறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள்ள போடற ஊசி பி-க்கானது, அது எல்லாக் குழந்தைக்கும் போடறது, அதைப் போட்டாச்சு இனி சி வராதுன்னு நெனச்சு உக்காந்துடாதீங்க.

பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட மறைக்கவே கூடாது. மறைச்சா அவங்க இதயத்துடிப்பு பாக்க குழந்தை தலைத் தோல்ல குத்தி மாட்டற எலக்ட்ரோடு மாதிரி சில விஷயங்களைத் தவிர்க்க முடியாது, தெரிஞ்சா பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரம் விட மாட்டாங்க, அதுக்கெல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும். ஊசி குத்தி பனிக்குட நீர் எடுக்கற டெஸ்ட் தேவைப்பட்டாலும் சொல்லிட்டுப் பண்ணணும். கேஸ் ஷீட்ல எழுதியிருக்கான்னு நீங்களே ஒரு தடவை பாருங்க, கட்டில்ல சிவப்புல எழுதி மாட்டணும்னு மட்டும் எந்த அவசியமும் இல்ல. எனக்கு மாட்டினாங்க. எடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் சண்டை போட்டாரு, எடுத்தாங்க.

மாசமா இருக்கறப்ப மருந்து இப்போதைக்கு பொதுவா குடுக்கறதில்ல. சில வெளிநாட்டு டாக்டர்கள் ஆளைப் பொறுத்து யோசிக்கலாம்னு சொல்றாங்க, நம்ம டாக்டர் சொல்லாம நீங்களா வாங்கிப் போடாதீங்க. முக்கியமா ரிபாவிரின்னு ஒரு பழைய மருந்து, அது வயித்துல குழந்தையோட உறுப்பு உருவாகறதைக் கெடுக்கும், கர்ப்பத்துல தொடவே கூடாது. பிரசவம் வரைக்கும் பண்ண வேண்டியது லிவர் டெஸ்ட், பிளேட்லெட், ஸ்கேன். இதுல அல்கலைன் பாஸ்பட்டேஸ்னு ஒண்ணு ஏறியிருக்கும், பயந்துடாதீங்க, நஞ்சுக்கொடிலேருந்தே அது வரும், கர்ப்பத்துல சகஜம்.

சில விஷயங்களுக்கு மட்டும் உடனே ஓடுங்க. கடைசி மாசங்கள்ல உள்ளங்கை, உள்ளங்கால்ல ராத்திரி தூங்க விடாத அரிப்பு வந்தா, "வயிறு விரியுது, அதான் அரிப்பு"ன்னு எண்ணெய் தடவிட்டு இருக்காதீங்க. பித்தம் சரியா வெளிய போகாம ரத்தத்துல தேங்கற பிரச்சனையா இருக்கலாம், ஹெபடைட்டிஸ் சி இருக்கறவங்களுக்கு அது கொஞ்சம் அதிகமா வரும், குழந்தைக்கு ஆபத்து. பைல் ஆசிட் டெஸ்ட் பாக்கச் சொல்லுங்க. கண்ணு மஞ்சளாறது, மூத்திரம் ரொம்ப கறுப்பா போறது இருந்தாலும் அன்னைக்கே போங்க.

அப்புறம் கீழாநெல்லி. இந்த விஷயம் தெரிஞ்ச ரெண்டாவது நாளே பக்கத்து வீட்டு அக்கா ஒரு கட்டு கொண்டு வந்து மோர்ல அரைச்சு குடின்னு குடுத்துட்டுப் போச்சு. அன்பாத்தான் குடுத்தாங்க, கோவப்பட முடியல. ஆனா கீழாநெல்லியால இந்த வைரஸ் குணமானதா எந்த நிரூபணமும் இல்ல, மாசமா இருக்கறப்ப எந்த மூலிகை, லேகியம், சூரணமா இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம வேண்டாம், அதுலயே சிலது லிவரைக் கெடுக்கும். உப்பில்லாம எண்ணெய் இல்லாம பத்தியம்னு பட்டினி கிடக்கவும் கூடாது, வயித்துல ஒரு பிள்ளை இருக்கு, நல்லா சாப்பிடுங்க, தனிப் பத்தியம்னு எதுவும் கிடையாது. இரும்புச் சத்து மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. தலைவலி காய்ச்சலுக்கு பாராசிட்டமால் எவ்ளோ போடலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கங்க.

வீட்டுல தனித்தட்டு, தனி டம்ளர்னு ஆரம்பிப்பாங்க. எனக்கும் வந்துச்சு, ஒரு நாள் என் தட்டு மட்டும் வெளிய கழுவற இடத்துல கிடந்துச்சு, அதைப் பாத்தப்ப ரிப்போர்ட்டைப் பாத்ததை விட அதிகமா அழுதேன். டாக்டர்கிட்ட மாமியாரையே கூட்டிட்டுப் போயி கேக்க வெச்சேன், அதுதான் வேலை செஞ்சுச்சு, நான் சொன்னப்ப காதுலயே ஏறல. ஒரே தட்டுல சாப்பிட்டாலோ, முத்தம் குடுத்தாலோ, கட்டிப் பிடிச்சாலோ, இருமினாலோ, ஒரே பாத்ரூம் போனாலோ வராது. பிரிச்சு வெக்க வேண்டியது பல் தேய்க்கற பிரஷ், ரேசர், நகவெட்டி, அதாவது ரத்தம் படற சாமான் மட்டும்தான். ரத்தம் சிந்தினா பிளீச்சிங் போட்டுத் துடைங்க, பிரசவத்துக்கப்புறம் நாப்கினை நல்லா சுத்திப் போடுங்க. ரத்த தானம் மட்டும் குடுக்கக் கூடாது.

தாய்ப்பால் குடுக்கலாம். இதை நாலு பேர் நாலு விதமா சொல்வாங்க, அதனால திரும்பவும் சொல்றேன், குடுக்கலாம். பால் வழியா பரவினதா நிரூபணம் இல்ல. காம்பு வெடிச்சு ரத்தம் வந்தா மட்டும் அந்தப் பக்கம் நிறுத்திட்டு, பாலைப் பீய்ச்சி கீழ ஊத்திட்டு, புண்ணு ஆறின பிறகு திரும்ப ஆரம்பிங்க. அதனால முதல் வாரத்துலயே குழந்தை சரியா வாய் வெச்சுப் பிடிக்குதான்னு சிஸ்டர்கிட்ட காட்டுங்க, வெடிப்பு பெரும்பாலும் அதுலதான் வருது.

இவ்ளோ நாள் பயந்ததெல்லாம் கர்ப்பத்துக்கு, ஆனா கோட்டை விடற இடம் பிரசவத்துக்கு அப்புறம்தான். குழந்தை நல்லாருக்கு, நாம நல்லாருக்கோம், தூக்கம் கிடையாது, ஃபைல் எங்கயோ அலமாரில போயிடும். டெலிவரி ஆன அன்னைக்கே போன்ல ரெண்டு அலாரம் போடுங்க. ஒண்ணு குழந்தைக்கு. ரெண்டு மாசத்துலேருந்து ஆர்என்ஏ டெஸ்ட் பாக்கலாம், இல்லன்னா 18 மாசத்துல ஆன்ட்டிபாடி டெஸ்ட். அதுக்கு முன்னாடி ஆன்ட்டிபாடி பாத்தா அம்மாவோட ஆன்ட்டிபாடியே குழந்தை ரத்தத்துல சுத்திட்டு இருக்கும், பாசிட்டிவ்னு வந்து உயிரை எடுக்கும். எனக்கு 9 மாசத்துல ஒரு லேப்ல தெரியாம அதைப் பாத்துட்டாங்க, ஒரு மாசம் நரகம். 18 மாசத்துல நெகட்டிவ். ஒருவேளை குழந்தைக்கு வந்தாலும் சில குழந்தைகளுக்குத் தானா போயிடும், போகலைன்னா 3 வயசுலேருந்து குடுக்க மாத்திரை இருக்கு.

ரெண்டாவது அலாரம் உங்களுக்கு. சிர்ரோசிஸ், அதாவது லிவர் தழும்பாகி இறுகிப் போறது, இல்லாதவங்களுக்கு அரசுத் திட்டத்துல சோபோஸ்புவிர், டக்ளடாஸ்விர்ங்கற மாத்திரைகளைத் தினம் சாப்பிடணும், 12 வாரம். நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு பேருக்கு மேல முழுசா குணமாகுது. பால் குடுத்துட்டே ஆரம்பிக்கலாமா, நிறுத்தின பிறகான்னு டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, நான் நிறுத்தின பிறகுதான் ஆரம்பிச்சேன். மாத்திரை சாப்பிடற நாள்ல அடுத்த கர்ப்பம் வராம பாத்துக்கணும், ரிபாவிரின் சேர்த்திருந்தா முடிச்சு இன்னும் ஒன்பது மாசத்துக்கும். வேற என்ன மாத்திரை போடறீங்க, வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை, நெஞ்செரிச்சல் மாத்திரை வரைக்கும் முதல்லயே சொல்லிடுங்க. மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு ஒரு ஆர்என்ஏ டெஸ்ட், அதுல இல்லைன்னு வந்தா குணம்.

குணமான பிறகும் ஆன்ட்டிபாடி ரியாக்டிவ்னுதான் வரும். அடுத்த பிரசவத்துல மறுபடியும் அதே ஸ்டார் போட்ட ரிப்போர்ட், கவுன்டர்ல மறுபடியும் அதே பேச்சு. அதனால அந்த கடைசி ஆர்என்ஏ நெகட்டிவ் ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி, போட்டோ எடுத்து போன்லயும் வெச்சுக்கங்க. என்னோடது ரேஷன் கார்டு இருக்கற கவர்லயே இருக்கு.