அந்தமானுக்கு வீடு மாற்றுகிறீர்களா? நாய், பூனை, சாமானோடு கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்து கோவைக்கு வீடு மாற்றுவது என்றால் ராத்திரி லாரியில் ஏற்றி, காலையில் இறக்கி, அன்றைக்கே பால் காய்ச்சிவிடலாம். அதே நினைப்போடு அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். மத்திய அரசு வேலை, வங்கி, பள்ளிக்கூடம், கட்டுமானம், ஓட்டல் என்று ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து குடும்பங்கள் அங்கே போய்க்கொண்டேதான் இருக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். அதனால் மொழி பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. நடுவில் கிடக்கும் 1,300 கிலோமீட்டருக்கும் மேலான கடலைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

மனிதர்கள் விமானத்தில் இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடுவார்கள். சாமான் கப்பலில் வாரக்கணக்கில் வரும். நாயோ பூனையோ, காகிதம் சரியாக இருந்தால்தான் கிளம்பவே முடியும். இந்த மூன்றையும் ஒரே தேதியில் முடிச்சுப்போட நினைப்பதுதான் தலையாய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்தே கிளைக்கின்றன. வேலையில் சேரும் தேதி வந்ததும் முதலில் டிக்கெட், பிறகு பேக்கர்ஸ், கடைசியில் "நாயை என்ன செய்யலாம்?" என்று யோசிப்பதுதான் வழக்கம். அதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் சரியாக வரும்.

நாயின் காகிதத்தைக் கடைசியில் பார்ப்பது

இந்தியா முழுக்க வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டுமே ரேபிஸ் இல்லாத பகுதிகளாகக் கருதப்படுகின்றன. கடல்தான் அந்தத் தீவுகளை இதுவரை காப்பாற்றி வந்திருக்கிறது. நோயோடு ஒரே ஒரு நாய் உள்ளே போனாலும் அந்தப் பாதுகாப்பு கெட்டுவிடும். லட்சத்தீவில் நாய் கொண்டுவரவே அனுமதி கிடையாது. அந்தமானில் அவ்வளவு கடுமை இல்லை என்றாலும், "உள்நாட்டுப் பயணம்தானே, பாஸ்போர்ட்டா கேட்கப்போகிறார்கள்?" என்கிற அலட்சியம் உதவாது. தீவு நிர்வாகத்தின் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். விலங்கின் இனம், வயது, தடுப்பூசித் தேதிகள், வரும் வழி எல்லாவற்றையும் சொல்லி, என்னென்ன வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே டிக்கெட் பக்கம் போங்கள். "போன வருஷம் என் மச்சான் சும்மாதான் கூட்டிப்போனான்" என்பதெல்லாம் விமான நிலையத்தில் செல்லாது.

ரேபிஸ் தடுப்பூசியில் பலர் சறுக்குவது நாள் கணக்கில். குட்டிக்கு மூன்று மாதம் ஆன பிறகுதான் பொதுவாக முதல் ஊசி. அதன் பலன் உடம்பில் ஏற மூன்று வாரமாவது ஆகும். வளர்ந்த நாய்க்கும், பூஸ்டர் தேதி தவறியிருந்தால் முதல் ஊசி போட்டதாகவே பல இடங்களில் கணக்கு வைப்பார்கள். அந்த மூன்று வாரம் மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே மாற்றல் வரும் என்று காற்றில் சேதி வந்த உடனேயே தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்துத் தேதி பாருங்கள். தடுப்பு மருந்தின் ஸ்டிக்கர், டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், முத்திரை நான்கும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தெருமுனை கிளினிக்கில் பேனாவால் தேதி மட்டும் கிறுக்கித் தந்த புத்தகங்கள் ஏராளம்.

அந்தமானுக்கென்றே இன்னொன்று உண்டு. 1980களின் கடைசியில் அங்கே மழை முடியும் பருவங்களில் ஒரு மர்மக் காய்ச்சல் பரவி, அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று பெயர் வாங்கியது. கடைசியில் அது நம் ஊர் எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ்தான் என்று தெரிந்தது. இன்றைக்கும் அங்குள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) மையம் இந்த நோய் ஆராய்ச்சிக்குப் பேர்போனது. நாய்க்கும் இது வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசிகளில் லெப்டோ சேர்ந்ததும் உண்டு, சேராததும் உண்டு. உங்கள் நாய்க்குப் போட்டது எது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பச்சைக்கிளி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கூண்டோடு விமான நிலையம் போகாதீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே கதை.

டிக்கெட்டைப் போட்டுவிட்டு நாயைச் சேர்ப்பது

எல்லா விமான நிறுவனமும் விலங்குகளை ஏற்றாது. ஏற்றுகிற நிறுவனத்திலும் எடை வரம்பு உண்டு. கூண்டும் சேர்த்துத்தான் எடை பார்ப்பார்கள். ஒரு விமானத்தில் இத்தனை விலங்குதான் என்றும் வரையறை இருக்கும். எனவே விலங்குக்கு இடம் உறுதியான பிறகு மனிதருக்கு டிக்கெட் போடுங்கள். நேரடி விமானமாக, முடிந்தால் காலை விமானமாக. ஏப்ரல், மே மாதத்து மதிய வெயிலில் ஓடுதளத்தின் ஓரத்தில் கூண்டு காத்துக்கிடப்பதை நினைத்துப் பாருங்கள்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் பெர்ஷியன் பூனைக்கும் சரக்கு அறைப் பயணம் உண்மையிலேயே ஆபத்து. வெப்பத்தில் அவற்றுக்கு மூச்சு சரியாக வாங்காது. பல நிறுவனங்கள் ஏற்கவே மறுக்கும்.

"தூக்க மாத்திரை கொடுத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடும்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். உயரத்தில் மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் குறைக்கலாம். கூண்டு ஆடும்போது நிலைகொள்ள முடியாமல் விழவும் செய்யும். மருந்து செய்ய வேண்டிய வேலையைப் பழக்கம் செய்யும். நாய் நின்றால் தலை இடிக்காத, உள்ளேயே ஒரு சுற்றுத் திரும்பக்கூடிய கூண்டாக வாங்கி, ஒரு மாதம் முன்பே கூடத்தில் கதவைத் திறந்து வையுங்கள். சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். நீங்கள் போட்டுக் கழற்றிய பழைய லுங்கியோ நைட்டியோ அதில் கிடக்கட்டும். பத்து நாளில் மத்தியானத் தூக்கத்துக்குத் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். பூனைக்குக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும். அது நம்மை நம்புவதாகக் காட்டிக்கொள்ளாது.

மழைக்காலத்தில் அங்கே இறங்க முடியாமல் விமானம் சென்னைக்கே திரும்பி வந்த நாட்கள் உண்டு. கூண்டுக்குள் இருக்கும் நேரத்தை இரண்டு மடங்காகக் கணக்குப் போட்டு, கிளம்பும் முன் லேசான சாப்பாடு, கூண்டில் பொருத்திய தண்ணீர்க் கிண்ணம், அடியில் உறிஞ்சும் விரிப்பு மூன்றையும் தயாராக வையுங்கள். கப்பலில் கூட்டிப்போகலாமே என்று தோன்றும். இரண்டரை, மூன்று நாள் ஆட்டம், நடுக்கடலில் கால்நடை டாக்டர் கிடையாது. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

கம்பெனி கொடுக்கிறதே என்று எல்லாவற்றையும் ஏற்றுவது

மத்திய அரசு ஊழியருக்கு மாற்றல் மானியம் வழக்கமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம். அந்தமான், லட்சத்தீவுக்குப் போய்வந்தால் 100 சதவீதம். சாமான் ஏற்றும் செலவு தனி. அதனால்தான் "சும்மாதானே, அந்தப் பழைய பீரோவும் வரட்டும்" என்கிற சபலம் வருகிறது. ஆனால் அங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குப் பெய்வதில் இரண்டு பங்குக்கும் மேல். அதோடு உப்புக் காற்று. அந்த ஈரத்தில் முதலில் போவது மரத்தூள் பலகையில் செய்த அலமாரியும் கட்டிலும்தான். அடிப்பக்கம் ஊறி உப்பி, திருகு பிடிக்காமல், கதவு ஒரு நாள் கையோடு வரும். தோல் சோபாவில் பச்சையாகப் பூஞ்சணம் பூக்கும். இலவம்பஞ்சு மெத்தை நாறும். இரும்பு பீரோ துருப்பிடிக்கும். மூன்று வருட மாற்றலுக்கு இவற்றைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது வீண். அந்தமான் தலைநகரின் அபர்தீன் பஜாரில் கட்டில், மெத்தை, மிக்சி எல்லாமே கிடைக்கும். சில பொருள் விலை கூடுதல், அவ்வளவுதான்.

நல்ல பாத்திரம், தையல் மிஷின், ஒட்டுப்பலகை அல்லாத கெட்டி மரச் சாமான், இன்வெர்ட்டர் ஆகியவை போகலாம். இன்வெர்ட்டரின் அமில பேட்டரியை மட்டும் விற்றுவிட்டு அங்கே புதிது வாங்குங்கள். காஸ் சிலிண்டரை ஏற்ற முடியாது. ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுப்பு மட்டும் வரட்டும். ஃபிரிட்ஜை இரண்டு நாள் முன்பே அணைத்து, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கதவிடுக்கில் ஒரு மடித்த துணியைச் செருகி லேசாகத் திறந்தபடி கட்டச் சொல்லுங்கள். ஈரத்தோடு மூடிய ஃபிரிட்ஜை ஒரு மாதம் கழித்துத் திறந்தால் அந்த வாடை எந்த சோடா உப்புக்கும் மசியாது. முன்பக்கம் திறக்கும் வாஷிங் மிஷினுக்கு, வாங்கும்போது கழற்றிய போல்ட்டுகளைத் தேடி எடுத்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் டிரம் ஆடி ஆடியே வீணாகும்.

அட்டைப்பெட்டி கடல் ஈரத்தில் அப்பளம் மாதிரி நமத்துப்போகும். துணிக்கும் புத்தகத்துக்கும் மூடி போட்ட நீல பிளாஸ்டிக் டிரம், இல்லையென்றால் பழைய டிரங்குப் பெட்டி. பட்டாளத்துக்காரர்கள் காரணம் இல்லாமல் அதைச் சுமப்பதில்லை.

விலையை மட்டும் கேட்பது

மூன்று இடத்தில் விலை கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் கொடுத்துவிடுகிறோம். ஒருவர் சொன்னது வீட்டிலிருந்து வீடுவரை; இன்னொருவர் சொன்னது சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமான் தலைநகரிலுள்ள ஹாடோ துறைவரை மட்டும். அங்கே இறக்குகூலி, லாரி வாடகை, துறைமுகத்தில் நாள் கடந்தால் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். தனிக் கன்டெய்னரா, பலர் சாமானோடு சேர்த்தா என்றும் கேளுங்கள். சேர்த்து அனுப்பினால் கன்டெய்னர் நிறையும்வரை உங்கள் மிக்சி சென்னைக் கிடங்கில் காத்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் சாமான் வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஒரு குக்கர், இரண்டு தட்டு, போர்வை, மருந்து, அசல் ஆவணங்கள், நாய்க்கு ஒரு மாதச் சாப்பாடு ஆகியவை உங்களோடு வந்துவிட வேண்டும். நாயின் தீனியை அங்கே போய்த் திடீரென்று மாற்றினால் வயிற்றுப்போக்கு நிச்சயம். அதே பிராண்டு அடுத்த கப்பலில்தான் வரும் என்று கடைக்காரர் கையை விரிப்பார்.

இன்ஷூரன்ஸ் "இருக்கு சார்" என்பார்கள். எந்த வகை என்று கேளுங்கள். கடல் சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று விதிமுறை உண்டு. சி என்பது தீ, கப்பல் மூழ்குவது, தரைதட்டுவது, மோதுவது மாதிரிப் பெரிய விபத்துக்கு மட்டும். டிவி உடைந்தது, பெட்டி திருடுபோனது என்றால் அதில் சல்லிக்காசு வராது. ஏ தான் பரந்தது. அதிலும் சரியாகக் கட்டாத பெட்டிக்கு இழப்பீடு கிடையாது. நீங்களே கட்டினீர்கள் என்று காகிதத்தில் இருந்தால் சண்டை போட வேண்டிவரும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நடுக்கடலில் கப்பலைக் காப்பாற்ற சிலருடைய சரக்கைத் தூக்கி எறிந்தாலோ பெருஞ்செலவு செய்தாலோ, அந்த நஷ்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருந்த எல்லாரும் பங்குபோட்டுக் கட்ட வேண்டும் என்பது பழைய கடல் சட்டம். ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். உங்கள் சாமானுக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், பங்குக்கு ஈடு கட்டும்வரை சாமானைத் தரமாட்டார்கள். காப்பீடு இருந்தால் அந்த ஈட்டைக் காப்பீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்ளும். அபூர்வம்தான். ஆனாலும் கடல் வழி அனுப்புகிறவர் காப்பீட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

காரை அனுப்புவதாக இருந்தால் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்க ஓரிரு வாரம் ஒதுக்குங்கள். 12 மாதத்துக்கு மேல் அங்கே ஓடினால் மறுபதிவு வேண்டும். காருக்குள் சாமானை அடைத்து அனுப்பாதீர்கள்.

மாதம் பாராமல், வீடு பாராமல் கிளம்புவது

தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே, மே மூன்றாம் வாரத்தில் அந்தமானைத் தொட்டுவிடும். பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் சாமானை ஏற்றினால் மழையில்தான் இறக்குவீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வங்கக்கடலில் புயல் காலம், கப்பல் தள்ளிப்போகும். ஜனவரி முதல் ஏப்ரல் நடுவரை நல்லது. ஆனால் கோடையில் அங்கே குழாய்த் தண்ணீர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் வரும் நிலை உண்டு. வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். நாய் வளர்க்க வீட்டுக்காரருக்குச் சம்மதமா என்பதையும் அப்போதே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதுங்கள். மாங்குரோவ் ஓடை அருகே வீடு என்றால் அந்தியில் நாயைத் தண்ணீர்ப் பக்கம் அழைத்துப்போகாதீர்கள். வண்டூர் போன்ற இடங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

உங்கள் வேலை தலைநகரில் இல்லாமல் ரங்கத், மாயாபந்தர், டிக்லிபூர் பக்கம் என்றால் ஹாடோவில் பயணம் பாதிதான் முடிந்திருக்கும். அந்தமான் டிரங்க் ரோடு ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டின் வழியே போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளை வரிசையாக அனுப்புவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நாய்க்குச் சிறுநீர் வந்தாலும் நிறுத்த முடியாது. அதற்குப் பிறகு படகில் வண்டியோடு நீரிணை தாண்ட வேண்டும். கார் நிக்கோபார் போன்ற பழங்குடித் தீவுகளுக்குத் தனி அனுமதி; அது இல்லாமல் சாமானை அந்தப் பக்கம் அனுப்பவே வேண்டாம்.

முகவரியில் ஊர்ப் பெயரைக் கவனியுங்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது. உங்கள் காகிதங்களில் ஒன்றில் பழைய பெயரும் இன்னொன்றில் புதிய பெயரும் இருக்கும். இரண்டையும் பின்கோடையும் சேர்த்தே எழுதிவிட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

சாமான் வரும் நாளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நம் கடிகாரம்தான் அங்கேயும், ஆனால் ஊர் வெகு கிழக்கே இருப்பதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கும். மூன்று மணிக்கு வந்த லாரியை டார்ச் வெளிச்சத்தில்தான் இறக்கி முடிப்பீர்கள். எது உடைந்தது, எது வரவில்லை என்று அப்போது கண்ணுக்குத் தெரியாது. கன்டெய்னரின் சீல் எண்ணைச் சென்னையில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டி எண்ணிக்கையைப் பட்டியலோடு சரிபாருங்கள். நசுங்கிய, நனைந்த பெட்டி ஒவ்வொன்றையும் பற்றி ரசீதிலேயே கையால் எழுதிவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். இறக்கி முடியும்வரை நாய் உள்ளறையில் கதவு சாத்தியபடி இருக்கட்டும். திறந்து கிடக்கும் வாசல், புது ஆட்கள், புது ஊர் என்றால் எந்த நாயும் ஓடப்பார்க்கும். வழி தெரியாத ஊரில் அது திரும்பி வராது.