பாட்டியின் கூறைப்புடவையை அதன் ஊருக்கு எடுத்துச் செல்வது எப்படி

வீட்டு பீரோவின் அடித்தட்டில் பாட்டியின் கல்யாணப் புடவை இருந்தால், அதை எடுத்துக்கொண்டு அது நெய்யப்பட்ட ஊருக்கு ஒருமுறை போய் வாருங்கள். பழைய நகை என்றால் செய்த ஆசாரி யார் என்பதுவரை சொல்லக்கூடிய குடும்பங்களில்கூட, புடவையைப் பற்றிக் கேட்டால் ‘அந்தக் காலத்துப் பட்டு’ என்பதற்கு மேல் பேச்சு நீளுவதில்லை. என் அம்மாவழிப் பாட்டியின் கூறைப்புடவையும் எங்கள் வீட்டில் அப்படித்தான் பல ஆண்டுகள் பேச்சற்றுக் கிடந்தது. அரக்கு நிறத்தில் கட்டம் போட்டு, பட்டும் பருத்தியும் கலந்து நெய்த புடவை அது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை, பழைய பெயரில் மாயவரம் அல்லது மாயூரம் எனப்படும் மயிலாடுதுறைக்கு எடுத்துச் சென்றேன். அந்தப் பயணத்துக்காகச் செய்தவற்றையும், செய்யாமல் விட்டிருக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புடவையைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் வரும், ஆனால் வெயில் நேராக விழாத இடத்தில் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, மோதிரம் வளையல்களைக் கழற்றிவிட்டு, எண்ணெயோ கிரீமோ இல்லாத உலர்ந்த கையால் மடிப்பு மடிப்பாகப் பிரியுங்கள். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த துணி அந்தக் கோட்டில்தான் முதலில் நூலிழக்கும். ஜரிகைக் கரையென்றால் ஜரிகை அங்கேதான் ஒடியும். பிரிக்கும்போது சருகு நொறுங்குவதுபோன்ற ஓசை கேட்டால் அவசரப்படாமல் நிறுத்திவிட்டு, அந்த மடிப்பின் இருபக்கமும் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கியபடி பிரிப்பது நல்லது. முழுவதும் விரித்தபின், தலைப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சாணாகப் பார்த்து, கறை, கிழிசல், தையல் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் எந்தக் கறையையும் அப்போதே துடைக்க முற்பட வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் புடவையின் நான்கு மூலைகளிலும் கட்டைவிரல் அளவுக்கு மங்கிய மஞ்சள் படிந்திருந்தது. பழுப்பேறிய அழுக்கு என்று எண்ணி, சோப்பு நீரில் நனைக்க அதைக் கிண்ணத்தருகே கொண்டுபோனபோது என் பெரியம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டார். கூறைப்புடவையை மணப்பெண் கையில் கொடுக்குமுன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவது எங்கள் குடும்ப வழக்கம். அந்த முகூர்த்தத்து மஞ்சள்தான் அத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்தது. மஞ்சள்மேல் சோப்புப் பட்டால் அது சிவந்துபோகும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் சிவப்பாக மாறுவது எதனாலோ, அதே காரத்தன்மையால்தான் இதுவும் நிகழ்கிறது. ஆகவே குடும்பப் புடவையில் எந்தக் கறை அழுக்கு, எந்தக் கறை நினைவு என்பது தெரியும்வரை தண்ணீரே படக் கூடாது. எங்கள் புடவையின் இடுப்புப் பகுதியில் இருந்த சிறிய துருக்கறையும் பாட்டி செருகியிருந்த சாவிக்கொத்தின் தடம் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வேலை பெரியவர்களிடம் கேட்பது. தொலைபேசியில் கேட்பதைவிட, நேரில் போய்ப் புடவையை அவர்கள் மடியில் வைத்துவிட்டுக் கேளுங்கள். ‘எந்த ஊரில் எடுத்தது?’ என்று கேட்டால் நினைவில்லை என்பவர்கள், துணியைக் கையால் நீவியதும் தாமாகவே பேசத் தொடங்குவதை நான் மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன். என் பாட்டியின் தங்கை கரையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது மாயவரத்துல எடுத்தது. மாப்பிள்ளை வீட்டுல எடுத்தாங்க. எங்க அப்பா பாத்துட்டு, கட்டம் சின்னதா இருக்கேன்னார்” என்றார். அதுவரை எங்களில் எவருக்கும் தெரியாத பேச்சு அது. குறுக்கிடாமல் கேளுங்கள்; அனுமதி பெற்றுக்கொண்டு குரலைப் பதிவு செய்யுங்கள். யார் எடுத்தது, எந்தக் கடைத்தெரு, வேறு யாருக்கெல்லாம் அதே வேளையில் துணி எடுத்தார்கள் என்ற மூன்று கேள்விகள் போதும்.

கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதையும் பாருங்கள். பழைய பத்திரிகைகளில் ஆங்கிலத் தேதி இல்லாமல் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருப்பதுண்டு. அந்தப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. எங்கள் பத்திரிகையில் விளம்பி வருடம் தை மாதம் என்று இருந்தது. அண்மைய விளம்பி 2018 ஏப்ரலில் தொடங்கியது. அதிலிருந்து 60 ஆண்டு பின்னால் போனால் 1958 ஏப்ரல். தை மாதம் அந்த வருடத்தின் பிற்பகுதியில் வருவதால், திருமணம் நடந்தது 1959ஆம் ஆண்டின் தொடக்கம். இந்தக் கடைசிப் படியைப் பலர் தவறவிட்டு ஓர் ஆண்டு முன்னதாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள்.

ஊர் பற்றிய தடயம் எதுவும் கிடைக்காவிட்டால் துணியையே கேட்க வேண்டியதுதான். புடவையைப் புரட்டி, கரையும் உடலும் சேரும் இடத்தை உட்புறத்தில் பாருங்கள். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா (தறியில் குறுக்கிழையைக் கொண்டு ஓடும் கருவி) ஓட்டி, மொத்தம் மூன்று நாடாக்களால் நெய்து கோத்திருப்பார்கள். இரண்டு நிறங்களின் இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் அந்தக் கோடு விரலுக்கே தட்டுப்படும். முந்தானையின் நிறம் உடலிலிருந்து முழுவதுமாக மாறி, மாறும் இடத்தில் சற்றே தடித்த ஒரு பட்டை தெரிந்தால், அது பழைய பாவு இழையோடு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழையோடு, புது இழையை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்கும் பிட்னி வேலை. ஜரிகையில் பிரிந்து தொங்கும் இழை ஏதேனும் இருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூலும், அதன்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பியும், அதற்கு மேல் பொன் பூச்சும் இருப்பது அசல் ஜரிகை. சோதனைக்காக நல்ல ஜரிகையைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம்.

கட்டம் போட்டு, பட்டும் பருத்தியும் கலந்திருந்தால் கூறைநாட்டை நினைக்கலாம். கூறை என்பது துணியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அந்தச் சொல்லையே பெயராகக் கொண்ட கூறைநாடு இன்று மயிலாடுதுறை நகரத்தின் ஒரு பகுதி.

பயணத்துக்கு முன் புடவையைப் பாதுகாப்பாக வைத்திருப்பதில் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். மடிப்புக்கோடு விழாமல் இருக்கட்டும் என்று இரும்புக் கம்பி ஹேங்கரில் ஒரு மழைக்காலம் முழுவதும் தொங்கவிட்டேன். பழைய துணி தன் எடையைத் தானே தாங்க முடியாமல் தோள்பக்கம் நெகிழ்ந்துபோனது. கம்பி பட்ட இடத்தில் புதிதாக ஒரு துருக்கோடும் விழுந்தது. அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ஜரிகைப் பக்கம் உள்ளே போகும்படி தளர்வாக மடித்து, துவைத்துப் பழகிய கஞ்சியில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பதே சரியான முறை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் பிரித்துக் காற்றாட விட்டு, பழைய கோட்டைத் தவிர்த்து வேறு இடத்தில் மடியுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும். பாச்சை உருண்டை ஜரிகையைக் கறுக்கச் செய்யும். வசம்புத் துண்டையோ காய்ந்த வேப்பிலையையோ சிறு துணிமுடிச்சாகக் கட்டி, புடவையில் படாமல் தட்டின் மூலையில் வைத்தால் போதும். கறுத்த ஜரிகையைப் புளியாலோ எலுமிச்சையாலோ பாத்திரம்போலத் தேய்க்க ஒருபோதும் எண்ணாதீர்கள்.

பயணக் காலத்தைத் துணியைக் கருதியே தேர்ந்தெடுங்கள். ஐப்பசியில் காவிரித் துலாக்கட்டத்தில் நீராடுவதற்காக மாயவரம் போவது பலருக்கும் ஆசையாக இருக்கும். ‘ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா’ என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது இயல்பே. ஆனால் ஐப்பசி அடைமழைக் காலம் என்பதால் பழந்துணிக்கு ஏற்றதன்று. நான் மாசியில் போனேன். சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம் வழியாகப் போகும் ரயிலில், புடவையின் மடிப்புகளுக்கிடையே சுருட்டிய மெல்லிய துண்டைக் கொடுத்து, பருத்தித் துணியில் சுற்றி, தனியான ஒரு கைப்பையில் மடியிலேயே வைத்துக்கொண்டேன். இருக்கைக்கு அடியிலோ, ஊறுகாயும் எண்ணெய்ப் பலகாரமும் இருக்கும் பையிலோ அதை வைக்கக் கூடாது. கொள்ளிடம் பாலத்தைக் கடக்கும்போது, 1959இல் இந்தத் துணி எந்தப் பையில், யார் மடியில் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

ஊருக்குப் போனதும் நேரே கடைக்குப் போகாதீர்கள். கூறைநாட்டில் புனுகீசுவரர் கோயில் இருக்கிறது. நெசவுத் தொழில் செய்து அடியார்களுக்கு ஆடையும் கீளும் (இடுப்பில் கட்டும் துணிப்பட்டை) கோவணமும் அளித்த நேச நாயனாரை அங்கே வழிபடுகிறார்கள். கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் வணங்கிவிட்டுப் புடவையைப் பற்றிச் சொன்னால், அடுத்து எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள். ஒன்றை மட்டும் எதிர்பார்த்துப் போகாதீர்கள்: பழைய நாளின் தறிச்சத்தம் இன்று அங்கே கேட்பதில்லை, நெசவு பெரிதும் குறைந்துவிட்டது. எனக்கும் புடவையை நெய்த குடும்பம் கிடைக்கவில்லை. ஒரு பெரியவர் என்னைத் திருபுவனத்துக்குப் போகச் சொன்னார்.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில், கும்பகோணத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது திருபுவனம். தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பங்கள் வாழும் ஊர் அது. நெசவாளர் வீட்டுக்குப் போகும்போது, அவர் தறிக்குழியில் இறங்கி வேலையைத் தொடங்கும் காலை வேளையைத் தவிர்த்துவிடுங்கள். நெய்த அளவுக்குத்தான் அவருக்குக் கூலி. சாப்பாட்டு இடைவேளையில் போய், தேவைப்பட்டால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். நான் சந்தித்த முதியவர் எங்கள் புடவையை முன்பக்கம் பார்க்கவே இல்லை. உட்புறத்தைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் கட்டங்களை எண்ணிக்கொண்டே போய், ஓரிடத்தில் நிறுத்தி என் விரலை எடுத்து அங்கே வைத்தார். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு முடிச்சு. “இங்க பாவு இழை அறுந்திருக்கும்மா. அந்த எடத்துலயே முடிச்சுப் போட்டுச் சேத்திருக்காங்க. முன்பக்கம் தெரியவே தெரியாது. நல்ல கை” என்றார். நெய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், 1959ஐ ஒட்டிய ஒரு நாளில் அவர் தறியில் இழை அறுந்து, அவர் நிறுத்தி முடிச்சிட்ட அந்தக் கணம் என் விரல் நுனிக்குக் கிடைத்தது.

நெய்த ஊரில் அந்தப் புடவையை உடுத்திக்கொள்ள ஆசை வருவது இயல்பு. ஒரு பகுதியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சல்லடைபோல் ஒளி ஊடுருவினாலோ, இரு கையால் மெல்ல இழுத்தபோது இழை விலகினாலோ உடுத்த வேண்டாம், தோளில் போட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். துணி உறுதியாக இருந்தால், ஊக்கு எதுவும் குத்தாமல், அத்தரோ வாசனைத் திரவியமோ தெளிக்காமல், ஒரு மணி நேரம் உடுத்தலாம். நான் கோயிலில் அரை மணி நேரம் உடுத்தியிருந்தேன். என்னிடமுள்ள ஆடைகளில் எனக்கு மிகப் பிடித்தது எது என்று அன்றுமுதல் எவரும் கேட்கத் தேவையில்லை. கழற்றியதும் மடிக்காமல், வியர்வை உலரும்வரை நிழலில் விரித்து வையுங்கள்.

திரும்பி வந்ததும் ஒரு வாரத்துக்குள் ஒரு சீட்டு எழுதிப் புடவையோடு வைத்துவிடுங்கள். பேனா மை ஈரத்தில் கசிந்து துணியில் ஏறும் என்பதால் பென்சிலால் எழுதி, சுற்றியிருக்கும் பருத்தித் துணியின் வெளிமடிப்பில் செருகி வைக்க வேண்டும். எங்கள் சீட்டில் இருப்பவை இவைதான்: பாட்டியின் பெயர், விளம்பி, தை, மாப்பிள்ளை வீட்டார் மாயவரத்தில் எடுத்தது, இடுப்பில் சாவிக்கொத்தின் துரு, தோளில் இருக்கும் துரு என்னால் வந்தது, தலைப்பிலிருந்து ஏழாவது கட்டத்தில், உட்புறம், நெய்தவர் போட்ட முடிச்சு, மூலை மஞ்சளைத் துவைக்கக் கூடாது.