சேதுவுக்குக் கரைவழியாக வாருங்கள்

ராமநாதபுரத்திலிருந்து கிளம்பும் பஸ்களில் 27 ஆண்டுகள் நடத்துநராக இருந்தவன் நான். ஈரப்புடவையும் தீர்த்தச் செம்புமாக ஏறியவர்களுக்கு எத்தனை ஆயிரம் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. கரூரிலிருந்து என் அத்தை ஒருமுறை வந்தார். விடியற்காலை ரயிலில் ராமேஸ்வரத்தில் இறங்கினார், தீர்த்தமாடினார், சாமி கும்பிட்டார், மாலை ரயிலில் ஏறிவிட்டார். வண்டி நகரும்போது ஜன்னலில் முகம் வைத்துக் கேட்டார்: "தம்பி, ராமர் எந்தக் கரையிலிருந்து அணை கட்டினார் என்று காட்டவே இல்லையே?" அன்று முதல் வீட்டுக்கு வருகிற யாரையும் நான் நேரே ராமேஸ்வரம் அனுப்புவதில்லை. சேது என்பது அந்த அணைதான். பழைய சேது யாத்திரைக்காரர்கள் போன வரிசையில்தான் அனுப்புகிறேன். அதற்கு முழுதாக இரண்டு நாள் வேண்டும்.

முதலில் மாதம். தை, மாசி நல்லவை. தை அமாவாசை, ஆடி அமாவாசை நாட்களில் முன்னோருக்குத் திதி கொடுக்க வேண்டியவர்கள் வரட்டும். கோயிலை நின்று பார்க்க நினைப்பவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் தூணைக்கூடப் பார்க்க முடியாது.

ராமநாதபுரத்தில் அறை எடுத்துக்கொண்டு, விடிந்ததும் தொண்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உப்பூரில் இறங்குங்கள். அங்கே இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். யாத்திரை இவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். அதே சாலையில் திரும்பி வந்தால் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. ராமர் நவக்கிரகங்களுக்கு நட்டவை என்பது நம்பிக்கை. நீர் ஏறியிருந்தால் சில கற்களின் தலை மட்டும் தெரியும், வற்றியிருந்தால் இடுப்பளவு தண்ணீரில் சுற்றி வரலாம். அடியில் பாசி வழுக்கும். முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.

பகலில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். அந்த நேரத்தை வீணாக்காமல் ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். சேதுபதி மன்னர்களின் தர்பார் மண்டபம் அது. சுவரெல்லாம் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். யாத்திரிகர்களுக்கு வழிக்காவலும் சத்திரமும் தந்தவர்கள் அந்தச் சேதுபதிகள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால், நீங்கள் வந்த சாலையே வேறாகத் தெரியும்.

பிற்பகல் நான்கு மணிக்கு மேல் திருப்புல்லாணி. ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் ஒன்று. ராமர் தர்ப்பைப் புல்லின்மேல் படுத்துக் கடலரசனை வேண்டிக் காத்திருந்த கோலத்தை வேறெங்கே பார்க்கப் போகிறீர்கள்? பிள்ளை வரம் வேண்டி வருகிறவர்களுக்கு இங்கே பாயசம் பிரசாதம். தெற்கே சில கிலோமீட்டரில் சேதுக்கரை. கடலைப் பார்த்தபடி ஆஞ்சநேயர் நிற்கிறார். அணை இங்கிருந்துதான் தொடங்கியது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அத்தைக்கு நான் காட்டத் தவறிய கரை இதுதான். சூரியன் சாயும் வரை அங்கேயே உட்காருங்கள்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் உத்தரகோசமங்கையை விட்டுவிடாதீர்கள். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று கேட்கும் அளவுக்குப் பழைய தலம். மரகத நடராசர் ஆண்டு முழுதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் காப்பைக் களைவார்கள். மற்ற கோயில்களில் பூசைக்கு ஒதுக்கும் தாழம்பூவை இங்கே சாத்துகிறார்கள். போகிற வழியில் கீழக்கரையில் தொதல் என்னும் இனிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பாம்பனைக் கடப்பது. பஸ்ஸில் போனால் இடப்புறம் பாக் நீரிணைப் பக்கம், அதை வடகடல் என்போம். வலப்புறம் மன்னார் வளைகுடா, தென்கடல். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் 1964 புயலில் சிதைந்தபோது 46 நாட்களில் சீர்செய்தார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பலுக்கு வழிவிட அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்.

ராமேஸ்வரத்தில் கிழக்கு வாசல் எதிரே அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முதல் முழுக்கு. பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். கனமான துணி உடுத்தாதீர்கள், நனைந்தால் நடக்க முடியாது. மாற்றுத்துணியைத் தண்ணீர் படாத பையில் வைத்து, துணையாக வந்த ஒருவரிடம் கொடுங்கள். கல்தளம் முழுதும் ஈரம், ஓடாதீர்கள். கோடி தீர்த்தத்தில் முடித்து உடை மாற்றிய பிறகுதான் சன்னதி. அனுமன் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கு முதல் பூசை, அதன் பிறகே சீதை மணலில் பிடித்த ராமலிங்கத்துக்கு. இந்த வரிசையை அறியாமல் நிறையப் பேர் நேராக ஓடிவிடுகிறார்கள்.

வெளியே வருமுன் மூன்றாம் பிராகாரத்தை ஒரு சுற்று மெதுவாக நடந்து பாருங்கள். 1212 தூண்கள். மூலையில் நின்று பார்த்தால் தூண்கள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியில் போய்ச் சேரும். 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்த வேலை. தீவில் மலை இல்லை, பாறை இல்லை. கல் முழுதும் கடல் தாண்டி வந்தது. எத்தனை முறை நடந்தாலும் எனக்கு இங்கே அடி வேகமாக விழாது.

சங்குக் கடைகளில் பவளப்பாறைத் துண்டோ, உலர்ந்த கடல்குதிரையோ காட்டினால் வாங்காதீர்கள். இரண்டும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சுற்றி அந்தப் பவளப்பாறைகள் உயிரோடு இருப்பதால்தான் எங்கள் வலையில் மீன் விழுகிறது.

பிற்பகலில் தனுஷ்கோடி. தீவின் நுனியான அரிச்சல்முனை வரை பஸ் போகிறது. தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த அலை ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கொண்டுபோய்விட்டது. அங்கே சத்தம் போட்டுப் படம் எடுக்காதீர்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த இரவை நினைக்காத குடும்பம் குறைவு.

முனையில் எந்தப் பக்கம் இறங்குவது என்பதைக் காற்றிடம் கேளுங்கள். வாடை என்னும் வடகிழக்குக் காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரை நேர் மாறு. அடங்கிய பக்கத்திலும் கணுக்கால் நனைத்தால் போதும். முனையில் நீரோட்டம் ஆளை இழுக்கும். நீந்தத் தெரியும் என்று யாரும் இறங்க வேண்டாம். குளிர்காலத்தில் சாலையோரத் தேங்கு நீரில் பூநாரைகள் நிற்கும், தூரத்தில் இருந்தே பாருங்கள்.

திரும்பும்போது குடிசைகளின் அருகே மீனவப் பெண்கள் மணலில் ஊற்று தோண்டியிருந்தால் நின்று பாருங்கள். கடலுக்குச் சில அடி தள்ளிக் கையால் பறித்த குழியில் நல்ல தண்ணீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர், எடை குறைந்ததால், உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கோயிலுக்குள் தீர்த்தக் கிணறுகள் பெரும்பாலும் உப்புக் கரிக்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். கேட்டால் ஒரு செம்பு தருவார்கள். அத்தையை அடுத்த முறை அழைத்துப் போனபோது அவர் அந்த நீரைத்தான் முந்தானையில் துடைத்த பாட்டிலில் நிரப்பி ஊருக்கு எடுத்துப் போனார். இருட்டுமுன் சோதனைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள்.