குளிர்கால ஓய்வுக்குப் பிறகு மறுபடி பேஸ்பால் எறிவது எப்படி?

சீசன் முடிந்து இரண்டு மூன்று மாதம் பந்தைத் தொடவே இல்லையா? நல்லதுதான். சிறுவர்கள் வருடத்தில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலே சொல்கிறது. வம்பெல்லாம் திரும்பி வரும் முதல் வாரத்தில்தான். ஒரு பிப்ரவரியில் நான் நேராக அவுட்ஃபீல்டுக்குப் போய் முழு பலத்தோடு எறிந்தேன். அன்று கை அருமையாக இருந்தது. மறுநாள் காலை தலைவாரக் கை எழவில்லை.

முதல் வேலை, உடம்பைச் சூடாக்குவது. லேசாக வியர்க்கும்வரை ஓடுங்கள், தோளைச் சுழற்றுங்கள், ரப்பர் பேண்டை வேலியில் கட்டி இழுங்கள். எறிந்து சூடாகக் கூடாது. சூடான பிறகே எறிய வேண்டும்.

அடுத்து அளக்கும் டேப்பை எடுங்கள். 45 அடியில் நண்பரை நிறுத்தி 25 முறை எறியுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு இன்னொரு 25. அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் ஓய்வு. இப்படி இரண்டு தடவை வலியில்லாமல் போனால் 60 அடி, பிறகு 90 (ஓடுபவர் தொட வேண்டிய ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ்வரை உள்ள தூரம்), அப்புறம் 120. தூரத்தை எதற்கு இப்படி அளக்க வேண்டும் என்றால், "பாதி பலத்தில்தான் எறிகிறேன்" என்று நாம் நினைக்கும்போதும் கை அதைவிட வேகமாகத்தான் வீசும். ஆய்வாளர்கள் வேகத்தை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

எறிவதற்கு முன் ஒரு சின்னத் துள்ளல் போடுங்கள். பலம் காலிலிருந்து வரும். நின்ற இடத்திலேயே கையை மட்டும் வீசினால் சுமை முழுக்கத் தோளுக்கும் முழங்கைக்கும்தான். பந்து கொஞ்சம் மேலே எழும்பி வளைந்து போனாலும் பரவாயில்லை.

வலி வந்தால்? சூடாகும்போது இருந்த வலி 15 எறிதலுக்குள் மறைந்தால் தொடரலாம், ஆனால் தூரத்தைக் கூட்டாதீர்கள். எறிய எறிய வலி வந்தால் உடனே நிறுத்தி, இரண்டு நாள் விட்டு, ஒரு படி கீழிறங்குங்கள். முழங்கையின் உட்பக்கம் வலித்தால் மருத்துவரிடம் போங்கள். 1974இல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு (பேட்டருக்குப் பந்து எறிபவர்) அறுந்தது அங்கிருக்கும் தசைநார்தான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு 1976இல்தான் அவரால் களமிறங்க முடிந்தது.

பிட்சர்கள் 120 அடியைச் சிரமமில்லாமல் தாண்டிய பிறகு மவுண்டில், அதாவது அவர்கள் நின்று எறியும் மண்மேட்டில், ஏறலாம். ஆரம்பத்தில் ஃபாஸ்ட்பால் (நேராகப் போகும் வேகப்பந்து) மட்டும், அதுவும் அடக்கி. பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கர்வ்பால் (வளைந்து விழும் பந்து) கேட்டு விரலைக் காட்டினாலும் தலையை ஆட்டி மறுத்துவிடுங்கள்.