மலைமேட்டுப் பழங்கொடிகளின் வெள்ளை ஒயின்: தேர்ந்தெடுத்துப் பருகும் முறை

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனிலிருந்து வடக்கே சிட்ரஸ்டால் ஊரை நோக்கிச் செல்லும் சாலை, பீக்கனியர்ஸ்க்ளூஃப் கணவாயில் ஏறி இறங்குகிறது. அந்தக் கணவாயை ஒட்டிய மேட்டுநிலத்திலும், அப்பால் ஸ்கர்ஃப்பெர்க் மலைப்பகுதியின் மணற்பாங்கான நிலத்திலும், கம்பியோ பந்தலோ இல்லாமல், குட்டையான தண்டிலிருந்து நாலாபுறமும் கிளை விரித்துத் தனித்தனியே நிற்கும் திராட்சைக் கொடிகளைக் காணலாம். புதர்க்கொடிகள் எனப்படும் இவற்றில் பல, நடப்பட்டு அரை நூற்றாண்டைக் கடந்தவை. இவற்றின் பழங்களைக் கலந்து செய்யும் வெள்ளை ஒயினை வாங்குவோர் பலர், சாதாரண வெள்ளை ஒயினைப் போலவே அதைக் கடுங்குளிரில் ஊற்றிக் குடித்துவிட்டு, "இதில் வாசனையே இல்லையே" என்று சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். முதல் பாட்டிலில் நானும் அதே தவற்றைத்தான் செய்தேன்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, பாட்டிலின் கழுத்தில் முத்திரை இருக்கிறதா என்பதே. "பழைய கொடிகள்" என்ற சொல்லை லேபிளில் அச்சிடுவதற்குப் பெரும்பாலான நாடுகளில் வயது வரம்பு எதுவும் கிடையாது. இருபது வயதுக் கொடியையும் பழையது என்று சொல்லிவிடலாம். தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ரோசா க்ரூகர் என்ற திராட்சைத் தோட்ட வல்லுநர், 2002ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் அலைந்து பழைய தோட்டங்களைப் பட்டியலிட்ட உழைப்பிலிருந்து உருவான ஓல்ட் வைன் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு, 35 வயதோ அதற்கு மேலோ ஆன தோட்டங்களின் ஒயினுக்குச் சான்று முத்திரை வழங்குகிறது. அந்தத் தோட்டம் நடப்பட்ட ஆண்டும் முத்திரையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பின்பக்க லேபிளில் உள்ள வருணனைகளைவிட நான் அந்த ஆண்டைத்தான் நம்புவேன். முத்திரை இல்லாத நல்ல ஒயின்களும் உண்டு. ஆனால் அங்கே தயாரிப்பாளரின் சொல்லைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

அடுத்து, எந்தெந்த ரகங்கள் கலந்திருக்கின்றன என்று பாருங்கள். இந்தக் கலவைகளின் முதுகெலும்பு பெரும்பாலும் செனின் பிளாங்க். அங்குள்ள பழைய விவசாயிகள் அதை ஸ்டீன் என்பார்கள். கலவைக்குப் புளிப்பைக் கொடுப்பது அதுதான். செமியோன் சேர்ந்தால் தேன்மெழுகு போன்ற வழவழப்பும் கனமும் வரும். கிரெனாஷ் பிளாங்க் ஒயினின் உடலை, அதாவது வாயில் உணரும் திண்மையை, திரட்டித் தரும். வியோன்யே சிறிதளவு சேர்ந்தாலே பாதாமி (ஆப்ரிகாட்) பழ வாசனை எழும்பும், கூடிவிட்டாலோ மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஆகவே முதன்முறை வாங்குபவர்கள், செனின் பெரும்பங்காகவும் வியோன்யே சிறுபங்காகவும் உள்ள கலவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. லேபிளில் விளைநிலத்தின் பெயர் "வெஸ்டர்ன் கேப்" என்று பொதுவாக இருந்தால், அதைத் தரக்குறைவு என்று ஒதுக்கவேண்டாம். தொலைதூரத்திலுள்ள பல மலைத் தோட்டங்களின் பழங்களைச் சேர்க்கும்போது, சட்டப்படி அந்தப் பெரிய பரப்பின் பெயரைத்தான் எழுதமுடியும்.

உயரம் ஏன் முக்கியம் என்பதைத் தெரிந்துகொண்டால், வாயில் எதைத் தேடவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. பகலில் வெயில் கொளுத்தினாலும் இரவு குளிர்ந்துவிடுவதால், பழம் இனிப்பு ஏறிய பின்னும் தன் புளிப்பை இழப்பதில்லை. கொடியின் வயது இன்னொரு விதத்தில் உதவுகிறது: ஆழமாக இறங்கிய வேர், பாசனமில்லாத மணலிலும் ஈரத்தைத் தேடிக்கொள்கிறது; காய்ப்பு குறைந்து, பழத்தின் சாறு செறிவாகிறது. அதனால் இந்த ஒயினின் அழகு மூக்கில் பளிச்சென்று தெரிவதில்லை. நாக்கின் மேல் அது படரும் விதத்திலும், விழுங்கிய பிறகு நீடிக்கும் உப்புச்சாயல் கொண்ட சுவையிலும்தான் இருக்கிறது. (இதே குறைந்த காய்ப்புதான் விவசாயிக்கு நட்டமாகி, இத்தகைய தோட்டங்கள் பல பிடுங்கப்படவும் காரணமாயிற்று.)

வாங்கிய பாட்டிலை 12 முதல் 14 டிகிரி வரையிலான, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். கார்க் அடைப்பு என்றால் படுக்கவைக்கவேண்டும்; திருகுமூடி என்றால் எப்படி வைத்தாலும் சரி. லேபிளில் உள்ள அறுவடை ஆண்டைக் கணக்கிடும்போது, அங்கே அறுவடை பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஐரோப்பாவின் அதே ஆண்டு ஒயினைவிட இது அரை வயது மூத்தது. நல்ல கலவை நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான் மலரும். ஆகவே ஒன்றை இப்போது திறக்கவும் ஒன்றைக் காக்கவைக்கவுமாக, முடிந்தால் இரண்டு வாங்குவதே என் வழக்கம்.

பரிமாறும் வெப்பநிலையில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஃப்ரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் வாசனை அடைந்துபோகும். புளிப்பு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். குடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வெளியே எடுத்து, 11 அல்லது 12 டிகிரிக்கு வரவிடுங்கள். வெப்பமானி தேவையில்லை: பாட்டிலின் மேல் அரும்பிய நீர்த்துளிகள் உருண்டு வழியத் தொடங்கி, உள்ளங்கையால் பிடித்தால் கை சில்லிடாமல் வெறும் குளுமை மட்டும் தெரிந்தால் போதும். ஒடுங்கிய கிளாஸைத் தவிர்த்து, வயிறு அகன்ற கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

திறந்தவுடன் தீக்குச்சி உரசியது போன்ற நெடி வந்தால் பதற்றம் வேண்டாம். காற்றோட்டம் குறைவாக ஒயின் வளர்ந்ததன் அடையாளம் அது. ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி இருபது நிமிடம் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். பாட்டிலின் அடியில் கற்கண்டுத் தூள் போல மின்னும் படிகங்களும் குறையல்ல. திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்துடன் சேர்ந்து உப்பாகி, குளிரில் படிந்தவை அவை. மாறாக, நனைந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது என்று பொருள். அதற்கு எந்தப் பரிகாரமும் இல்லை. கடையில் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

உணவைப் பொறுத்தவரை, கொழுப்பும் லேசான இனிப்பும் கலந்தவை இதனுடன் நன்றாகப் போகும். கேப் கரையோரத்தில், ஸ்னூக் என்ற எண்ணெய்ச் சத்துள்ள மீனைப் பாதாமி ஜாம் தடவித் தணலில் சுடுவார்கள். இந்த ஒயினின் புளிப்பு அந்தக் கொழுப்பை அறுத்து, அடுத்த கவளத்துக்கு வாயைத் தயார்செய்யும்.

மிச்சத்தை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். முதல் நாளே தீர்த்துவிடாமல் ஒரு கிளாஸாவது எடுத்துவையுங்கள். நேற்று இறுக்கமாக இருந்த செனின், மறுநாள் மாலையில் உலர்ந்த வைக்கோல், சீமைமாதுளை, தேன் எனத் தன் வாசனைகளை ஒவ்வொன்றாகக் காட்டும்.