செகண்ட் லைஃபில் ஆள் நடமாடும் இடங்கள்: என் அனுபவம்

காரைக்குடியில் உட்கார்ந்து, செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் சுற்ற நல்ல இடம் தேடியே பல இரவுகள் வீணாயின. தேடலில் கூட்டம் அதிகம் என்று வருமிடத்துக்குப் போனால் கடைதான், பேச ஆளில்லை. எவ்வளவு தூரம் வரை காட்சி தெரிய வேண்டும் என்று சொல்லும் டிரா டிஸ்டன்ஸை ஏற்றினேன். லேப்டாப் திணறியதுதான் மிச்சம்.

அப்புறம் உலக வரைபடத்தைத் திறந்தேன். பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு அவதார், அதாவது அந்த உலகில் உலவும் ஓர் உருவம். ஒரு பகுதி 256 மீட்டர் சதுரம். அதன் ஒரே மூலையில் புள்ளிகள் குவிந்து, சில நிமிடம் கழித்தும் நகராவிட்டால் பெரும்பாலும் ஆளில்லாமல் நிரல் இயக்கும் பாட் (bot) தான். ஆளில்லாத வீட்டு வாசலில் செருப்பு கிடப்பது போல. சிதறி நகர்ந்தால் மனிதர்கள்.

அங்கே போய் யாருடைய புரொஃபைலிலாவது 'பிக்ஸ்' பாருங்கள். தமக்குப் பிடித்த இடங்களைப் போட்டிருப்பார்கள்; அங்கிருந்தே டெலிபோர்ட் ஆகலாம், அதாவது நேராக அந்த இடத்துக்குத் தாவலாம். ஒருவர் பிக்ஸ் அடுத்தவரிடம் கொண்டுபோய் விடுகிறது. ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த முற்றம் மட்டும் இன்னும் சிக்கவில்லை.