தலை நிற்காத குழந்தையைச் செய்வது: ரீபார்ன் பொம்மைச் சிற்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஜக் கைக்குழந்தை போலவே தெரியும்படி கையால் செய்யும் ரீபார்ன் பொம்மை என்றாலே எல்லோரும் பேசுவது பெயிண்டைப் பற்றித்தான். கன்னத்துச் சிவப்பு, இமைமேல் ஓடும் நீல நரம்பு, ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நட்ட மோஹேர் (ஆட்டு ரோம) முடி என்று கண்ணில் முதலில் படுவது அதுதான், பாராட்டும் அங்கேதான் போகிறது. ஆனால் பெயிண்ட் அடிப்பவர் கையில் வந்து சேரும் அந்த வெற்று வினைல் (மென்மையான பிளாஸ்டிக்) தலையையும் கைகால்களையும் முதலில் களிமண்ணில் பிடித்தவர் பெரும்பாலும் வேறொருவர். 1990களில் அமெரிக்காவில், கடையில் வாங்கிய பொம்மையைப் பிரித்து, பழைய வண்ணத்தை அழித்துவிட்டுப் புதிதாகத் தீட்டிய சேகரிப்பாளர்கள் இந்தக் கலையை வளர்த்தார்கள். பிறகு இதற்கென்றே வெற்று கிட்டுகள், அதாவது வண்ணம் தீட்டாத தலை, கைகால் தொகுப்புகள், விற்பனைக்கு வந்தன, அவற்றுக்குச் சிற்பம் செய்பவர்கள் அமெரிக்கா, ஜெர்மனி, நெதர்லாந்து என்று பல இடங்களில் உருவானார்கள். பெயிண்டில் தப்பு நடந்தால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். சிற்பத்தில் நடந்த தப்பு அச்சில் ஏறி எல்லாப் பிரதிகளிலும் அப்படியே வரும், அதற்குப் பிறகு எவ்வளவு கெட்டிக்காரர் வந்து பெயிண்ட் அடித்தாலும் மறைக்க முடியாது. அதனால் இது சிற்பம் செய்யத் தொடங்கியிருப்பவர்களுக்காக.

முதல் தவறு, அதுவும் மிக அதிகம் நடக்கும் தவறு, குழந்தையைச் சின்ன அளவில் ஒரு பெரியவராகச் செய்வது. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை சுமார் 50 செ.மீ. நீளம் இருக்கும், அதில் கிட்டத்தட்ட கால் பங்கு தலை மட்டுமே. தலைச் சுற்றளவு 34, 35 செ.மீ. வரும், மார்புச் சுற்றளவு அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். தலையின் உயரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக் கோடு போட்டால் பெரியவர்களுக்குக் கண் அந்தக் கோட்டிலேயே வரும், பிறந்த குழந்தைக்குக் கோட்டுக்குக் கீழே வரும். கண், மூக்கு, வாய் எல்லாம் தலையின் கீழ்ப்பாதிக்குள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். மூக்குத் தண்டு இன்னும் எழும்பியிருக்காது, தாடை உள்வாங்கியிருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் கழுத்தே தெரியாது. கையைத் தலைக்குமேல் தூக்கினால் விரல்கள் உச்சியைத் தாண்டுவதே பெரிய விஷயம். இதெல்லாம் படித்தால் தெரியும், ஆனால் களிமண்ணைக் கையில் எடுத்ததும் நமக்குப் பழகிய முகம்தான் விரலுக்கு வரும், அதனால் ஸ்கேலும், தடிமன் அளக்கும் காலிப்பரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது வயதுக் குழப்பம். நம் வீட்டுப் பெரியவர்கள் தலை நின்றுவிட்டதா, குப்புற விழுகிறதா, உட்காருகிறதா என்று கேட்டே குழந்தைக்கு எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவார்கள். சிற்பிக்கும் அந்தக் கணக்கு வேண்டும். பிறந்த வாரத்துக் குழந்தையின் கை மூடித்தான் இருக்கும், பல நேரம் கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும், கால் வயிற்றை நோக்கி ஒடுங்கும், கணுக்காலிலும் உள்ளங்காலிலும் தோல் சுருங்கிக் கிடக்கும். மூன்று மாதத்தில் கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, விரல்கள் விரியத் தொடங்கும். பிறந்த குழந்தையின் முகத்துக்கு ஐந்து மாதக் குழந்தையின் புஷ்டியான மணிக்கட்டைப் போட்டு விற்கிற கிட்டுகள் ஏராளம். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் உறுத்தும், கையை நீட்டித் தூக்கத் தோன்றாது. மனித உருவை நெருங்கிவந்து கடைசி அடியில் தவறும்போது மனசுக்கு வரும் இந்த ஒவ்வாமையைப் பற்றி ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970லேயே எழுதிவிட்டார். எந்த மாதத்துக் குழந்தை என்று முதல் நாளே முடிவுசெய்துகொண்டு, காது மடல் முதல் கால் நகம்வரை அதே மாதத்தில் நில்லுங்கள்.

தூங்கும் முகம் சுலபம், கண் வைக்க வேண்டாமே என்று பலர் அதில் தொடங்குகிறார்கள். உண்மையில் மூடிய கண்தான் கஷ்டம். கண் மூடும்போது மேல் இமைதான் இறங்கி வரும், கீழ் இமை அதிகம் அசையாது, அதனால் இமை சேரும் கோடு கண்குழியின் கீழ்ப்பகுதியில், கீழ்நோக்கி மெல்ல வளைந்து இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் அந்தக் கோட்டை நடுவில் கீறிவிடுகிறார்கள், முகம் உடனே முகமூடி ஆகிவிடுகிறது. இமைக்கு அடியில் கண்ணின் உருண்டை இருப்பது தெரிய வேண்டும், அதற்கு ஒரே வழி முதலில் உருண்டையை வைத்துவிட்டு அதன்மேல் மெல்லிய களிமண்ணை இமையாகப் போர்த்துவதுதான். அப்புறம் வாய். பால் குடிக்கும் குழந்தையின் மேலுதட்டு நடுவில் சின்னதாக ஒரு தடிப்பு இருக்கும், உறிஞ்சி உறிஞ்சி வந்தது. அதைச் சரியாக வைத்த சிற்பம் உயிரோடு இருக்கிறது, என் கண்ணுக்கு அந்த ஒரு கடுகளவு தடிப்பு கன்னத்துப் பெயிண்ட் மொத்தத்தையும்விடப் பெரிய வேலை செய்கிறது.

கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு வேறொரு பொறி இருக்கிறது. ஒரு பக்கம் செய்தால் மறுபக்கம் தானாக வரும் மிரர் வசதியை அணைக்காமலே வேலையை முடித்துவிடுவார்கள். எந்தக் குழந்தையின் முகமும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது. பிரசவத்தில் மண்டை அழுந்தியிருக்கும், ஒருக்களித்துப் படுத்த பக்கத்துக் கன்னம் தட்டையாகியிருக்கும். யூட்டாவிலுள்ள பவுன்டிஃபுல் பேபி நிறுவனம் ரியல்பார்ன் என்ற பெயரில் நிஜக் குழந்தைகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்தே கிட் செய்தது. ஸ்கேன் இருந்தால் சிற்பி வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், குழந்தை அசையும், முடியும் ஈரமான கண்ணும் ஸ்கேனரில் ஒழுங்காகப் பதியாது, அதையெல்லாம் யாராவது உட்கார்ந்து கையால்தான் திருத்த வேண்டும்.

பொருளுக்கு வருவோம். அடுப்பில் சுட்டு இறுக்கும் பாலிமர் களிமண்ணில் செய்பவர்கள் உள்ளே அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி வைத்து, அதன்மேல் களிமண் போடுவார்கள். தாளை இறுக்கமாக அழுத்தாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து விரிசல் விடும். களிமண் ஓர் இடத்தில் தடியாகவும் ஓர் இடத்தில் மெல்லியதாகவும் இருந்தாலும் அதே கதிதான். களிமண்ணைச் சரியாகப் பிசையாமல் பூசினால் வெந்தபின் தோலில் பிறை வடிவத்தில் வெளிறிய புள்ளிகள் வரும். சூப்பர் ஸ்கல்பி போன்ற பாலிமர் களிமண் வகைகளுக்கு 130 டிகிரி செல்சியஸ், 6 மி.மீ. தடிமனுக்கு 15 நிமிஷம் என்பது கணக்கு. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டாதீர்கள், பாலிமர் களிமண் என்பது பிவிசி, கருகினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. அடுப்போடு வரும் டயலை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே வையுங்கள், சமையலுக்கு வேறு அடுப்பு.

வினைலை விட்டு சிலிக்கானுக்குப் போகிறவர்கள் கந்தகத்தை மறக்கக் கூடாது. பிளாட்டினம் வகை சிலிக்கான் கந்தகம் பட்டால் இறுகவே இறுகாது. கந்தகம் கலந்த பிளாஸ்டிசின் களிமண்ணில் மாதக்கணக்கில் அழகாகச் செய்துவிட்டு, அதன்மேல் சிலிக்கானை ஊற்றினால் மறுநாள் ஒட்டும் பிசினாகவே நிற்கும், சிற்பமும் போச்சு, சிலிக்கானும் போச்சு. லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கலக்கினாலும் இதே பிரச்சினை வரும். கந்தகம் இல்லாத களிமண்ணா என்று டப்பாவில் பார்த்து வாங்குங்கள், ஓரத்தில் ஒரு துண்டில் சோதனை செய்துவிட்டு முழுதாக ஊற்றுங்கள். சிலிக்கான் அச்சுக்குள் சிலிக்கானையே ஊற்றுவதாக இருந்தால் நடுவில் ஒட்டாமல் பிரிய விடுப்புப் பூச்சு வேண்டும், இல்லையென்றால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

வினைல் கிட்டுக்குச் செய்கிறவர், தன் களிமண் ஒரு நீண்ட பயணம் போகப்போகிறது என்பதை முதல் நாளே மனதில் வைக்க வேண்டும், நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். தொழிற்சாலையில் சிற்பத்திலிருந்து மெழுகு நகல் எடுத்து, அதன்மேல் மின்முலாம் முறையில் உலோகத்தைப் படியவைத்து அச்சு செய்வார்கள். அந்த அச்சுக்குள் திரவ வினைலை விட்டுச் சூட்டில் சுழற்றி, சூடு ஆறுவதற்குள் கழுத்தின் திறப்பு வழியாக முழுத் தலையையும் பிடித்து இழுத்து வெளியே எடுப்பார்கள். கழுத்துத் திறப்பைக் குறுகலாக வைத்தால் காது கிழியும். விரல்களை ஆழமாக மடக்கி ஒன்றோடொன்று ஒட்டினால் நுனியில் காற்று சிக்கி விரல் நுனியே இல்லாமல் வரும். ஆறும்போது வினைல் கொஞ்சம் சுருங்கும், அதனால் மூலச் சிற்பம் நினைத்த அளவைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும், தலைக்கும் கைகாலுக்கும் அதே விகிதத்தில்.

கண் திறந்த கிட் என்றால், கண்ணை உள்ளிருந்து தள்ளிப் பொருத்துவார்கள். 20 மி.மீ. கண்ணுக்குச் செய்த குழி 19 மி.மீ. ஆகச் சுருங்கினால் இமை ஓரத்தில் கண் பிதுங்கும். கழுத்திலும் கைகால் முனையிலும் துணி உடம்பை பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்ட ஒரு பள்ளம் விட வேண்டும், அது ஆழமில்லாமல் போனால் எடை போட்ட தலை ஒருநாள் கழன்று கையோடு வரும். பொம்மைக்குக் கண்ணாடி மணி நிரப்பி இரண்டரை, மூன்று கிலோ எடை கொடுப்பதே, தூக்கும்போது தலை நிற்காத பிள்ளையைப் போலச் சாய வேண்டும், தூக்குபவர் உள்ளங்கையால் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான். கழுத்தை விறைப்பாகச் செய்துவிட்டால் அந்த அனுபவம் முழுக்கக் காணாமல் போகிறது.

தோல் ரேகைகளைக் கொஞ்சம் அடக்கியே போடுங்கள். வினைல் எல்லாவற்றையும் பிரதி எடுக்கும், பெயிண்ட் பல அடுக்காக ஏறும்போது ஆழமான கீறல்களில் நிறம் தேங்கி, குழந்தைக்குப் பதில் கிழவி வந்து நிற்பாள்.

நிஜக் குழந்தையின் படத்தைப் பார்த்துச் செய்யாதவர் இல்லை, ஆனால் யாரோ ஒரு தாய் இணையத்தில் போட்ட படத்தை எடுத்து, கேட்காமல் அந்த முகத்தையே செய்து விற்பது தப்பு. சட்டம் என்ன சொன்னாலும் தப்புதான். பல குழந்தைகளின் படங்களை வைத்து ஒரு புது முகத்தை உருவாக்கலாம், இல்லையென்றால் பெற்றோரிடம் எழுதி வாங்கலாம். குழந்தையை இழந்தவர்கள் அதே முகம் வேண்டும் என்று கேட்டு வருவதும் உண்டு. அவர்களிடம் அச்சு அசலாக வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வேலை நடுவில் இருக்கும்போதே களிமண் நிலையில் படம் காட்டி, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருங்கள், முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருங்கள்.

விற்பனையில் பெயரைக் கெடுக்கும் தவறு எடிஷன் எண்ணிக்கையில் ஏமாற்றுவது. இத்தனை பிரதிதான் என்று எண்ணிட்ட சான்றிதழோடு விற்றுவிட்டு, நன்றாகப் போகிறதே என்று அதே அச்சில் இன்னும் கொஞ்சம் போட்டால் சேகரிப்பாளர்கள் மன்னிக்கவே மாட்டார்கள். கள்ளப் பிரதிகள் வேறு தனித் தொல்லை. சிற்பி போனி பிரவுன் செய்த சாஸ்கியா என்ற கிட்டின் கள்ளப் பிரதிகள் மலிவு விலையில் இணையக் கடைகளில் குவிந்திருக்கின்றன, பெரும்பாலும் அசல் கலைஞர்களின் படத்தைப் போட்டு ஏதோ ஒன்றை அனுப்புகிறார்கள். இதை முழுதாகத் தடுக்க உங்களால் முடியாது, ஆனால் முப்பரிமாணக் கோப்பை நண்பர்களுக்குக்கூட அனுப்பாமல் இருக்கலாம், கிட்டின் கழுத்தில் பெயரும் வருடமும் பொறிக்கலாம், எந்தக் கடைகளுக்கு மட்டும் உரிமை கொடுத்திருக்கிறீர்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லலாம்.

கடைசியாக, இது குழந்தைகள் விளையாடும் பொம்மை இல்லை என்று பெட்டியில் தெளிவாக எழுதுங்கள். பேசிஃபையர் (குழந்தை சப்பும் ரப்பர் காம்பு) நிற்க வாய்க்குள் வைக்கும் காந்தங்களைச் சின்னக் குழந்தை விழுங்கினால் குடலுக்கே ஆபத்து, பேஸ்மேக்கர் வைத்தவர்கள் நெஞ்சோடு அணைப்பதும் கூடாது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 2016ல், பூட்டிய காருக்குள் குழந்தை கிடக்கிறது என்று நினைத்துப் போலீஸ் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்தது ஒரு ரீபார்ன் பொம்மையைத்தான். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் 2008ல் இதேபோல நடந்தது. பராமரிப்புத் தாளில், காரில் தனியாக விட்டுப் போகாதீர்கள், துணியால் மூடி டிக்கியில் வையுங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஜன்னல் வழியாக அடிக்கும் வெயில் பெயிண்டுக்கும் ஆகாது.